வண்டி இரவில் எங்கே நிற்கும்? மின் ஹேட்ச்பேக், பெட்ரோல் ஹேட்ச்பேக் குறித்து ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கோவை துடியலூரில் சொந்த வீடு, வீட்டுக்குள்ளேயே கார் நிறுத்த இடம். ஒண்டிப்புதூர்ப் பக்கம் வேலை. போய்வர 40 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை மதுரையில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டும், ஆண்டுக்கு ஓரிரு முறை ஊட்டி. வீட்டில் வேறு கார் கிடையாது. சாலைக்கு வரும் விலை பதினொரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். டாடாவின் டியாகோ மின்காரை வாங்குவதா, அல்லது டியாகோ, சுவிஃப்ட் போன்ற பெட்ரோல் சிறுகார் ஒன்றை வாங்குவதா?

இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலிலிருந்து பதில் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் குழம்பிப் போகிறார்கள். விலையைக் காட்டிலும் முக்கியமானவை இரண்டு: வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதும். வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் இருந்து, மாத ஓட்டம் எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டரை எட்டினால் மின்கார் பொருளாதார ரீதியாக நியாயமானது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பெட்ரோல் காரே மேல் என்பது என் கருத்து. உங்களிடம் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் வேறு கார் இல்லை என்பதால் மதுரைப் பயணத்தைத் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் வாங்கும் விலை. 2025 செப்டம்பர் 22 வரை, நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1200 சிசிக்கு மிகாத இயந்திரமும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத மேல்வரியும் இருந்தன. அன்று முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. மின்கார்களுக்கு 2019 முதலே 5 சதவீதம்தான். அதாவது இரண்டுக்கும் இடையே 24 புள்ளிகளாக இருந்த வரி வேறுபாடு 13 புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. இந்த மாற்றத்துக்கு முன் எழுதப்பட்ட ஒப்பீடுகள் எல்லாம் மின்காருக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும். அவற்றைப் படிக்கும்போது தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபுறம், சாலை வரி மின்காருக்குக் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரையிலான புதிய காருக்கு 12 சதவீதமும், ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதமும் வரி. ஏழு லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு இதுவே 91,000 ரூபாய். மின்கார்களுக்கு அரசு இந்த வரியை முழுமையாக விலக்கி வந்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு காலவரம்புள்ள அரசாணைகளால் வருவது. ஆகவே பதிவு செய்யும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறது என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒப்பிடும்போது நேர்மையாக ஒப்பிட வேண்டும். மின்காரில் கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. எனவே அதன் எதிரில் நிறுத்த வேண்டியது பெட்ரோலில் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வகையைத்தான், ஆகக் குறைந்த விலையுள்ள கைக்கியர் வகையை அல்ல. அப்படி ஒத்த வசதிகளுள்ள வகைகளை எடுத்தால், சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்த்தபின் இடைவெளி ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய் வருகிறது. கைக்கியரே போதும் என்று நினைப்பவருக்கு அது மூன்று லட்சத்தை நெருங்கும். அந்தக் கூடுதல் இரண்டு லட்சத்தையும் கடனாக வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி மட்டும் 49,000 ரூபாய் அளவுக்கு ஆகும். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி ஓட்டும் செலவு. உங்களுக்கு வேலைக்குப் போய்வருவது மட்டுமே மாதம் ஆயிரம் கிலோமீட்டர். நகர நெரிசலில், ஏசி போட்டு ஓட்டும் சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15, 16 கிலோமீட்டர்தான் தரும். நிறுவனம் சொல்லும் 20க்கு மேற்பட்ட எண்கள் சோதனைக்கூடத்து எண்கள். இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர், லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி என்று வைத்தால் 12,500 ரூபாய். இரண்டு மாதக் கணக்காக எடுப்பதற்குக் காரணம், நம் மின்வாரியம் அப்படித்தான் கணக்கெடுக்கிறது.

மின்காருக்கு மின்னேற்றத்தில் வீணாகும் பங்கையும் சேர்த்து, மீட்டரில் பதிவாகும் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. எனவே 2,000 கிலோமீட்டருக்கு 285, 290 யூனிட். இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டண அடுக்கு குறுக்கே வருகிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்குப் பாதிக் கட்டணம். 500ஐத் தாண்டினால் அந்தப் பாதிக் கட்டணச் சலுகை பறிபோவதோடு, தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேலும், 600ஐத் தாண்டியவற்றுக்கு ஒன்பதுக்கு மேலும், ஆயிரத்தைத் தாண்டியவற்றுக்குப் பதினொன்றுக்கு மேலும் ஆகிறது. ஆகவே “யூனிட் ஐந்து ரூபாய்” என்று விற்பனையாளர் போடும் கணக்கு பல வீடுகளுக்குப் பொருந்தாது. இப்போது 400 யூனிட் எரிக்கும் வீடு கார் வந்தபின் 690க்குப் போகும். கட்டணம் சுமார் 2,500 ரூபாய் கூடும். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாயை ஒட்டி விழுகிறது. இப்போது 200 யூனிட்டே எரிக்கும் சிறிய குடும்பம் 490இல் நின்றுவிடுவதால், அதற்குக் கூடுவது 1,500 ரூபாய்தான்.

அடுக்கைப் பார்த்து மிரளவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே ஆயிரம் யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீட்டிலும் காருக்கான கூடுதல் செலவு 3,400 ரூபாய் அளவில்தான் நிற்கும். 12,500 ரூபாய் பெட்ரோலுக்கு அது கால்பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் நிலையில் இரண்டு மாதத்துக்குப் பத்தாயிரம், ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் மிச்சம். கடன் வட்டியைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் நிற்கும். நான்கு ஆண்டுகளில் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இதே கணக்கு எட்டு, பத்து ஆண்டுகளுக்கு நீளும். அவருக்கு மின்கார் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் மின்னேற்ற வழியில்லாமல் பொது விரைவுச் சார்ஜரையே நம்பியிருப்பவருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே யூனிட் இருபது ரூபாயை ஒட்டி ஆவதால் மிச்சம் பெரிதும் குறைகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை ஒரு மணி நேரம் காத்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

கூரையில் சூரியத் தகடு போடும் எண்ணம் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட் கிடைக்கும். வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து ஏறக்குறைய அதுவே போதும்.

அடுத்து, அதிகம் பேசப்படாத ஆனால் அன்றாடம் உங்களைத் தொடப்போகும் விஷயம்: வீட்டு வயரிங். இந்தக் கார்களோடு வரும் கையடக்கச் சார்ஜர் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகக்கூடியது, 3.3 கிலோவாட் வரை இழுக்கும். அதாவது 14, 15 ஆம்பியர் மின்னோட்டம் எட்டு, ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் ஓடும். நம் வீடுகளின் 15 ஆம்பியர் பிளக்குகள் கீசருக்கு அரை மணி நேரம் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும் நள்ளிரவில் அந்த இடம் சூடேறிப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். ஆகவே மீட்டர் பலகையிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாக நான்கு சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகமென்றால் ஆறு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்து, அதற்கென்றே மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபியும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வைத்து, தரமான தொழிற்சாலை வகை பிளக் பொருத்துங்கள். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மின்னேற்ற மறுத்துவிடும். பழைய வீடுகளில் எர்த் குழி வறண்டு கிடப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் பார்த்து, தேவையானால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளுங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. ஒரு நாளில் ஓடும் 40 கிலோமீட்டருக்குச் செலவாகும் ஆறு யூனிட்டை 3.3 கிலோவாட் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும்.

இப்போது மதுரை. டியாகோ மின்காரில் 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு அளவு மின்கலங்கள் வந்தன. அறிமுகத்தின்போது அவற்றுக்குச் சொல்லப்பட்ட தூரம் 250, 315 கிலோமீட்டர். இவை இந்தியச் சோதனைச் சுழற்சியில் மெதுவான வேகத்தில் அளக்கப்பட்டவை. நகரத்தில் பெரிய மின்கலம் 180 முதல் 200 கிலோமீட்டர் தரும். நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியோடு, நான்கு பேரோடு போனால் 160ஐ ஒட்டித்தான் எதிர்பார்க்க வேண்டும்; அதிலும் கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் விடுவதென்றால் 145, 150. பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, மின்காரில் நகரத்தில்தான் தூரம் கூடும், விரைவுச் சாலையில் குறையும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதும், நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் மின்கலத்துக்குத் திரும்புவதுமே காரணம்.

கோவையிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே வழியில் ஒரு முறை மின்னேற்றியே ஆக வேண்டும். டியாகோவில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு விரைவுச் சார்ஜரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அங்கே இருப்பது 60 கிலோவாட் சார்ஜராக இருந்தாலும் இந்த நேரம் குறையாது, ஏனெனில் வேகத்தை முடிவுசெய்வது சிறிய மின்கலம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது முழு ஒரு மணி நேரம் அல்ல. ஒட்டன்சத்திரத்தில் சாப்பிடும் நேரத்தில் முக்கால் மணி நேரம் ஏற்றினாலே மதுரை போய்ச் சேரலாம். திரும்பும்போது பெற்றோர் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க ஏற்றிக்கொள்ளலாம், அந்த வயரிங்கையும் மேலே சொன்னபடி சரிபார்த்த பிறகு. சார்ஜர் பழுதாகியிருக்கவும், வேறொருவர் செருகியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டாவது சார்ஜர் எது என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது அவசியம். பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் இந்தப் பயணம் பெட்ரோல் காரைவிட எரிச்சலூட்டும். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஊட்டிக்கு வேறு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே எட்டு யூனிட் ஆற்றல் வேண்டும். மோட்டாரில் இழப்பு சேர்ந்தால் ஒன்பது. சாலையில் உருள்வதற்கு இன்னொரு பத்து யூனிட். ஆக, முழுதாக ஏற்றிக்கொண்டு துடியலூரில் கிளம்பினால் 24 யூனிட் மின்கலம் ஊட்டியில் இருபது சதவீதத்தை ஒட்டி நிற்கும். 19.2 யூனிட் மின்கலத்தை வைத்துக்கொண்டு வழியில் ஏற்றாமல் போக நினைக்கவே கூடாது. இறங்கும்போது நிலைமை தலைகீழ்: ஏறும்போது செலவான ஆற்றலில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும், பிரேக்கும் சூடேறாது. ஆனால் ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள மின்கலத்தில் இடம் இருக்காது. மோட்டார் தரும் பிரேக் பிடிப்பும் அப்போது கிடைக்காது. எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது சரி.

மின்கலம் எத்தனை நாள் வரும் என்ற அச்சம் இயல்பானதே. எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறார்கள். உங்கள் ஓட்டத்துக்கு எட்டு ஆண்டுதான் முதலில் முடியும். டியாகோவில் இருப்பது திரவக் குளிர்விப்புள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது. சிட்ரோன் இசி3 போன்ற காற்றுக் குளிர்விப்புள்ள கார்களைவிட இதையே நான் விரும்புவேன். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் உத்தரவாதப் புத்தகத்தில் பதிலைத் தேடிப் படித்துவிடுங்கள். மறுவிற்பனை மதிப்புதான் மின்காரின் உண்மையான பலவீனம். புதிய கார்களின் விலை இறங்கிக்கொண்டும் மின்கலங்கள் பெரிதாகிக்கொண்டும் இருப்பதால் பழையதற்குக் கிராக்கி குறைகிறது. நான்கு ஆண்டுகளில் விற்றுவிட்டு மாற்றும் பழக்கமுள்ளவர் பெட்ரோலிலேயே இருப்பது நல்லது. எட்டு ஆண்டு வைத்திருப்பவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமல்ல.

பராமரிப்பில் என்ஜின் ஆயில், வடிகட்டி, ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் மின்காருக்கு இல்லை. புகைச் சான்றிதழும் தேவையில்லை. டயரும் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கவே இருக்கின்றன. பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் கார் உயிர்பெறாமல் நிற்பதற்கு இந்தச் சிறிய பேட்டரி காரணமாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் காரின் மதிப்பு அதிகம் என்பதால் சொந்தச் சேதக் காப்பீடு கூடி, அந்தத் தள்ளுபடியை விழுங்கிவிடும். கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே.

பெட்ரோல் தரப்பையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு எங்கும் போகலாம், எந்த ஊரிலும் பழுதுபார்ப்பவர் கிடைப்பார், விற்பதும் எளிது. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். ஆயினும் புதிய கார்களின் இயந்திரங்கள் இதைத் தாங்கும்படியே செய்யப்பட்டு வருகின்றன. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி முடிவெடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; அந்தக் கணக்கில் மின்கார் கிலோமீட்டருக்கு 100 கிராம், பெட்ரோல் கார் 145 கிராம். வேறுபாடு உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. கூரைத் தகடு இருந்தால்தான் அது பெரிதாகிறது.

எம்ஜி காமெட்டையும் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். மின்கலத்தை வாடகைக்குத் தரும் திட்டம் 2024இல் வந்தபோது அதன் விலை 4.99 லட்சமும், கிலோமீட்டருக்கு 2.5 ரூபாயும் என்று அறிவித்தார்கள். வாடகையோடு மின்சாரமும் சேர்ந்தால் மிச்சம் கணிசமாகக் கரைந்துவிடும். அதோடு, அது இரண்டு கதவுகளும் 17.3 யூனிட் மின்கலமும் கொண்ட கார். விரைவு மின்னேற்ற வசதி இல்லை. இரண்டாவது காராக அது அருமையானது, உங்கள் ஒரே காராக அல்ல.

ஆகவே என் பரிந்துரை: 24 யூனிட் மின்கலமுள்ள டியாகோ, விலை வரம்புக்குள் வரும் வகை. 19.2 யூனிட் வகையை மதுரைக்காகவே தவிர்க்கச் சொல்கிறேன். விலையில் மிச்சமாகும் பணத்தை ஒவ்வொரு மாதமும் வழியில் காத்திருந்து கட்ட வேண்டியிருக்கும். முன்பணம் கட்டும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, துடியலூர் வீட்டிலும் மதுரை வீட்டிலும் எர்த்தையும் வயரையும் அளக்கச் சொல்லுங்கள். பின்னர் விற்பனையாளரிடம் அரை நாள் காரைக் கேட்டு வாங்கி, ஏசியோடு அவிநாசி சாலையிலும் குன்னூர் ஏற்றத்திலும் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை போகும் மதுரை வாரம் ஒரு முறையாக மாறும் வாய்ப்பு இருக்கிறதென்றால், பெற்றோரின் உடல்நிலை காரணமாக நள்ளிரவில் கிளம்ப வேண்டிய நிலை வரலாம் என்று நினைத்தால், இந்தக் கணக்குகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு டியாகோ ஏஎம்டி அல்லது சுவிஃப்ட் ஏஎம்டி பெட்ரோலை வாங்குங்கள். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகப் போனாலும் உங்கள் வீட்டுக்கு அதுவே பொருந்தும்.